தேய்ந்த ரேகை

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் விடியற்காலை ரயில் மாலூரைத் தாண்டியதும், எங்கள் பெட்டியில் ஒரு சிறிய வாஸ்லின் டப்பா கை மாறத் தொடங்கும். பெண்கள் அதைத் தொட்டு வலது கட்டை விரலில் தடவி, முந்தானையால் ஒற்றியெடுத்து, சன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பிப் பார்த்து, போதாது என்று பட்டால் இன்னொரு முறை தடவிக்கொள்வார்கள். டப்பா வராத நாட்களில் தேங்காய் எண்ணெய். அதுவும் இல்லையென்றால் எண்ணெய் வைத்த தலைமுடியிலேயே விரலைத் தேய்த்துக்கொள்வது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு டெக் பார்க்கின் பின்வாசலில் இருக்கும் பயோமெட்ரிக் மிஷினில் பச்சை விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். பத்து வருடங்களுக்கும் மேலாக இதே பெட்டியில் போய்வருகிறேன். இதைப் பார்க்காத நாள் இருந்திருக்காது, ஆனாலும் இது என்ன என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் லைனிலேயே (சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளை லைன் என்போம்) எதிர்வீட்டில் இருக்கும் அக்கா, டப்பாவை மூடி என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டார்: "நீ ஆபீஸ்ல இதே கணக்குதானே பாக்குற? மிஷின்ல விரல் விழலன்னா, ஆளே வரலன்னுதானே எழுதுவீங்க?" நான் வேலை செய்வது ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களை அலுவலகங்களுக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சியின் சம்பளப் பிரிவில். அக்கா வேலை செய்வது எங்கள் ஏஜென்சிக்கு அல்ல, வேறொன்றுக்கு. ஆனால் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். மாதத்துக்கு இத்தனை முறை வரை சூப்பர்வைசர் கையெழுத்து போட்டால் விட்டுவிடலாம், அதற்கு மேல் போனால் அரை நாள் என்று விதியை எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் அலுவலகக் குரலாக மாறிப்போனது எனக்கே கேட்டது. அக்கா பதில் பேசவில்லை. கட்டை விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் என்று பதினான்கு வருடமாகக் கழிவறை தேய்த்த விரல். சோழியின் முதுகைப் போல வழவழப்பாக இருந்தது. "இதுல நான் எங்கேர்ந்து ரேகையக் கொண்டாறது?" என்றார். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரயில் தேவனகொந்தியில் நின்று புறப்பட்டது.

அந்தக் கேள்வி அதன்பின் என்னை விடவில்லை. அது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று எனக்குப் புரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆயின. அதற்குச் சில காலம் முன்புதான், நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். ஒரு சினிமா வந்த பிறகு தங்கவயல் என்றால் துப்பாக்கியும் தாடியும்தான் என்று ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது, உண்மையில் நாம் சுரங்கத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏறி வந்த ஊர், சுரங்கம் மூடியது ஒரு வகையில் நமக்கு நல்லதாகவே போயிற்று என்று அங்கே பேசியிருந்தேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. பேசியதில் பொய் எதுவும் இல்லை. என் வகுப்பில் படித்தவர்களில் இரண்டு பேர் மென்பொருள் நிறுவனங்களில் பெரிய பொறுப்பில் இருக்கிறார்கள். கால் சென்டர்கள் ஆள் எடுத்த நாட்களில் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் படித்த ஆங்கிலம் பலருக்குச் சோறு போட்டது. நர்சுகளும் ஆசிரியைகளும் ஏராளம். ஆனால் அக்காவின் விரலைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சின் ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. "ஏறி வந்தோம்" என்று சொன்னேனே, யார் ஏறினார்கள்?

தாத்தா சொன்ன கைரேகைக் கதை

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் இறங்கியவர். அவருடைய அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து அதே சுரங்கத்தில் சேர்ந்தவர். தாத்தா திரும்பத் திரும்பச் சொன்ன கதைகளில் ஒன்று 1930-இல் நடந்த வேலைநிறுத்தம். அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். சுரங்கத் தொழிலாளிகள் எல்லோரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மைசூர் அரசு விதி கொண்டுவந்தது. அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். கைரேகை என்றால் ஏன் அவ்வளவு பயம் என்று சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "திருடன்கிட்டத்தான் ரேகை வாங்குவாங்க. நாம என்ன திருடினோம்?" என்பது அவர் முதலில் சொல்லும் காரணம். இரண்டாவது காரணத்தைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அந்தக் காலத்தில் ஒரு சுரங்கத்து மேஸ்திரியோடு சண்டை வந்தால், அடுத்த சுரங்கத்துக்குப் போய் வேறு பெயர் சொல்லிச் சேர்ந்துகொள்ளலாம். சாமிக்கண்ணு அங்கே முனுசாமி ஆகிவிடுவான். விரலைக் கொடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

அவர் சொன்னதில் எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது வேறொன்று. சங்கம் என்று சொல்லத்தக்க அமைப்பு அன்றைக்குத் தங்கவயலில் கிடையாது. நோட்டீசு அடிக்க ஆள் இல்லை, அடித்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இருந்தாலும் விஷயம் ஒரே இரவில் எல்லா லைன்களுக்கும் போய்ச் சேர்ந்தது என்பார். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம், பத்துக்குப் பத்து அறை. ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டில் கேட்கும். எல்லோரும் ஒரே சங்கு ஒலிக்கு எழுந்தார்கள், ஒரே ஷாஃப்டின் (சுரங்கக் குழியின்) வாயில் நின்று ஒரே கேஜில் (ஆட்களை இறக்கும் கூண்டில்) இறங்கினார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். தட்டிச் சுவர் ஒரு கொடுமைதான். அதை மெச்சிப் பேச நான் தயாரில்லை. ஆனால் ஒரு வார்த்தை பரவுவதற்கு அதைவிட வசதியான சுவர் கிடைக்காது. "காலையில யாரும் எறங்கல. கேஜ் சும்மா தொங்கிட்டிருந்துச்சு" என்று சொல்லும்போது தாத்தாவின் முகத்தில் வரும் வெளிச்சத்தை, கூலியைப் பற்றியோ தங்கத்தைப் பற்றியோ பேசும்போது நான் பார்த்ததேயில்லை.

சுரங்க வேலையைப் பற்றி எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், தொட்டால் சுடும் பாறை, திடீரென்று பாறை வெடித்துச் சரியும் 'ஏர் பிளாஸ்ட்', வயதான பிறகு நுரையீரலில் கல்தூள். நள்ளிரவில் பூமி அதிர்ந்து பாத்திரங்கள் உருண்டால், யார் வீட்டு ஆள் எந்த ஷிப்டு என்று பெண்கள் வாசலில் நின்று எண்ணிய இரவுகள் எனக்கே நினைவிருக்கின்றன. தங்கத்தை உண்டாக்கிய ஊரில் பெண்களின் கழுத்தில் கவரிங்தான் இருந்தது. எனவே அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். இழந்தது வேலையை அல்லவென்றால், வேறு எதை இழந்தோம் என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.

சங்கு நின்ற பிறகு

சுரங்கம் நடத்திய ஆங்கிலேயரின் ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து கம்பி இழுத்து எங்கள் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரின் தெருக்களில் விளக்கு எரிந்தது அதற்கும் மூன்று வருடம் கழித்துத்தான். இதைத் தங்கவயல்காரர்கள் ரயிலில் யாரிடமாவது சொல்லாமல் ஒரு நாளும் கழியாது. நூற்றிருபது வருடத்தில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் போயிற்று. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கும் மேல் கிடைத்த தங்கம், கடைசியில் மூன்று கிராம் அளவுக்குத் தேய்ந்தது. எடுக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது, முப்பதாயிரம் பேர் வரை வேலை செய்த இடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் மிச்சம். அப்பா அவர்களில் ஒருவர். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு எழுந்து, சவரம் செய்து, டிபன் கேரியரைக் கையில் எடுத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கேரியரைத் திரும்ப அடுப்படியில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார். அன்று அவருக்கு 53 வயது.

அதன் பிறகு நடந்ததை 'தொழில் மாற்றம்' என்று புள்ளிவிவரங்களில் எழுதுவார்கள். தங்கவயலில் அது ஒரு ரயில்வே டைம் டேபிளாகத்தான் வந்தது. ஊரில் இருக்கும் பெமல் கனரக இயந்திரத் தொழிற்சாலை எல்லோரையும் எடுத்துக்கொள்ள முடியாது. வேறு பெரிய தொழில் எதுவும் வரவில்லை. ஆனால் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கங்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போட்ட தண்டவாளம் இருந்தது. அது பங்காரப்பேட்டையில் பெங்களூர்ப் பாதையோடு சேர்ந்தது. அந்தப் பாதையில் டெக் பார்க்குகள் நிறைந்த ஒயிட்ஃபீல்டு இருந்தது. தங்கவயலிலிருந்து பெங்களூர் நூறு கிலோமீட்டர். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. பாறையை உடைத்த வீடுகளிலிருந்து இப்போது வாட்ச்மேன், ஓட்டல் சமையல்காரர், தையல்காரி, ஹவுஸ்கீப்பிங் பெண், லிஃப்ட் மெக்கானிக், என்னைப் போலக் கணக்கு எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே ரயிலில் போகிறார்கள். அங்கேயே தங்கிவிடலாமே என்று அலுவலகத்தில் கேட்பார்கள். மாதச் சீசன் டிக்கெட் ஒயிட்ஃபீல்டில் ஓர் அறை வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. லைன் வீட்டுக்கு வாடகை என்று பெயருக்குத்தான். அந்த வீடு என்றைக்காவது நம் பெயருக்கு வரும் என்று இருபது வருடத்துக்கும் மேலாக ஊரே காத்துக்கொண்டிருக்கிறது; காலி செய்துவிட்டுப் போனால் அந்த நம்பிக்கையும் போய்விடும். எட்டு மணி நேர வேலை பதின்மூன்று மணி நேரமாக நீண்டதற்கு, எந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. நான் எழுதும் புத்தகத்திலும் கிடையாது.

பக்கத்திலேயே தொழிற்சாலை வந்துவிட்டால் இந்தப் பயணம் மிச்சமாகும் என்று நாங்கள் நம்பிய காலம் ஒன்று உண்டு. எங்கள் மாவட்டத்தின் நரசாப்புராவில் 2013-இல் ஹோண்டா ஸ்கூட்டர் ஆலை வந்தது, பிறகு விஸ்ட்ரானின் ஐபோன் ஆலை வந்தது. ஊர் இளைஞர்கள் கம்பெனி பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள். 2020 டிசம்பர் 12-ஆம் தேதி காலையில் அந்த ஐபோன் ஆலையில் கண்ணாடிகள் நொறுங்கியதை நாடே டி.வி.யில் பார்த்தது. சம்பளம் குறைந்து வந்ததும் தாமதமாக வந்ததுமே அடிப்படைக் காரணம். வேலை நேரத்தைச் சரியாகக் கணக்கிடும் ஏற்பாட்டை விஸ்ட்ரான் செய்யவில்லை என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பல ஏஜென்சிகள் வழியாக வந்தவர்கள். அன்று எங்கள் சம்பளப் பிரிவில் எல்லோரும், "என்னதான் இருந்தாலும் உடைத்தது தப்பு" என்றோம். உடைத்தது தப்புதான். ஆனால் குறைந்த நாட்களைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு எந்த ஜன்னல் இருந்தது, அந்த ஜன்னலுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாங்கள் யாரும் பேசவில்லை. அந்த நாற்காலியில் என்னைப் போன்ற ஒருத்திதானே உட்கார்ந்திருப்பாள்.

எம்.பி. என்ற பத்தி

எங்கள் சம்பள ஷீட்டில் 'எம்.பி.' என்று ஒரு பத்தி உண்டு. மிஸ் பஞ்ச் என்பதன் சுருக்கம். மாதம் 25-ஆம் தேதி வருகைப் பதிவை இறக்கி, அந்தப் பத்தியை வடிகட்டி, விதிக்கு மேல் போனவற்றை அரை நாளாக மாற்றி மேலே அனுப்புவது என் வேலை. அக்கா விரலை நீட்டிய மாதத்தின் 25-ஆம் தேதி, எப்போதும் போல வடிகட்டிய பிறகு, ஏதோ தோன்றி இன்னொரு பத்தியையும் சேர்த்து அடுக்கிப் பார்த்தேன்: என்ன வேலை என்ற பத்தி. செக்யூரிட்டி ஆட்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றும். அலுவலகப் பையன்களுக்கு அநேகமாக இல்லை. மிஸ் பஞ்ச் முழுவதும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் பெயரில் கொட்டிக்கிடந்தது. அதிலும் வயதானவர்கள், அதிலும் கழிவறைப் பிரிவில் பல வருடம் இருப்பவர்கள். எவ்வளவு அதிக நாள் தேய்த்தார்களோ அவ்வளவு அதிக நாள் வராதவர்களாகியிருந்தார்கள். சில பெயர்களின் எதிரில் ஒரே நாளில் நான்கு, ஐந்து முறை முயன்ற பதிவு இருந்தது. மிஷின் ஒவ்வொரு முறையும் 'பொருந்தவில்லை' என்று நேரத்தோடு குறித்து வைத்திருந்தது. 8.52, 8.52, 8.53, 8.55. ஆள் வரவில்லை என்று நான் எழுதிய ஒருத்தி, வாசலில் நின்று மூன்று நிமிடம் போராடியதற்கான சாட்சி அதே ஷீட்டில் இருந்தது. வடிகட்டும்போது அந்த வரிகளை நீக்கிவிடுவது எங்கள் வழக்கம். தேவையற்ற தரவு என்று அதற்குப் பெயர்.

அன்று இரவு ரயிலில் எனக்குத் தாத்தாவின் கேஜ் நினைவுக்கு வந்தது. 1930-இல் விரலைக் கொடுக்க மாட்டோம் என்றவர்களின் பேத்திகள், ஐயா என் விரலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எண்ணெய் தடவிக்கொண்டு போகிறார்கள்; மிஷின் வேண்டாம் என்கிறது. இதைக் கோபம் என்பதா சிரிப்பு என்பதா தெரியவில்லை. ஆனால் நான் நெடுநாள் தேடிய பதில் அங்கே கிடைத்தது போலிருந்தது. எங்கள் லைனில் பன்னிரண்டு வீடுகள். ஒன்பது வீடுகளிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். ஒன்பது பேருக்கும் ஒன்பது ஏஜென்சி, ஒன்பது வாசல், ஒன்பது சூப்பர்வைசர். ஒருத்திக்கு வெட்டிய அரை நாள் அடுத்தவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவள் தன் வாசலில் உள்ளே போகாமல் நிற்பதால் இவள் வாசலில் எதுவும் நடக்கப்போவதில்லை. சும்மா தொங்கவிடுவதற்கு ஒரு கேஜ் இல்லை. சுரங்கத்தை மூடியபோது கூலியும் பென்ஷனும் வீடும் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் 'மாட்டோம்' என்று சொல்வதற்கு இருந்த வாய்ப்பும் சேர்ந்து மூடப்பட்டது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. புதிய தொழில்கள் எங்களுக்கு வேலை கொடுத்தன என்பது உண்மை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்தன.

எங்கள் அலுவலகத்தில் நான் செய்ய முடிந்தது மிகச் சிறியது. முயன்ற பதிவுகளை நீக்காமல் ஷீட்டை அச்சிட்டு மேனேஜரிடம் வைத்தேன். "இத்தனை வருஷமா இதை யாரும் சொல்லவே இல்லையே" என்றார். சொல்ல வேண்டியவளே நான்தான் என்பதால் பேசாமல் நின்றேன். இப்போது ஒருவருக்கு ஒரு விரலுக்குப் பதில் மூன்று விரல்களைப் பதிவு செய்கிறார்கள், வாசலில் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறார்கள். நோட்டில் எழுதினால் வரிசை நகர மாட்டேன் என்கிறது என்று சூப்பர்வைசர்கள் முணுமுணுக்கிறார்கள். எத்தனை மாதம் அது அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஏஜென்சியில் இவ்வளவு. அக்கா இருக்கும் ஏஜென்சியில் எனக்கு யாரையும் தெரியாது. அவருக்கு இடது மோதிர விரலைப் பதிந்து கொடுத்திருக்கிறார்களாம். "அது தாங்குமா அக்கா?" என்று கேட்டேன். "அதுவும் அதே பக்கெட்லதானே இருக்குது" என்றார்.

போன வியாழக்கிழமை ரயில் கே.ஆர்.புரத்தில் நின்றபோது நல்ல தூறல். எங்கள் லைன்காரர்கள் ஆறு பேர் சேர்ந்தே படியேறி இறங்கினோம். வெளியே சாலையோரத்தில் ஏஜென்சி வேன்கள் நின்றிருந்தன. ஒருத்தி வெள்ளை வேனில் ஏறினாள், ஒருத்தி கம்பெனிப் பெயர் ஒட்டிய டெம்போவில், இருவர் மெட்ரோ பக்கம் ஓடினார்கள். அக்கா குடையில்லாமல், ஈரம் படாதிருக்க இடது கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து ஷேர் ஆட்டோவில் ஏறினார். நான் அலுவலகத்துக்குப் போய்க் கைப்பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன், வாஸ்லின் டப்பா என்னிடமே தங்கிவிட்டிருந்தது.